பானையில் இருந்த அரிசி

எங்கள் வீட்டுப் பெண்கள் பணத்தைக் காட்டிலும் அரிசிப் பானையையே அதிகம் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை பர்மாவின் ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964 மார்ச்சில் தனியார் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. 1985 நவம்பரில் பெரிய நோட்டுகள் மீண்டும் ஒருமுறை செல்லாமற்போயின. 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள், மாற்றிக்கொள்ளக்கூட வழியில்லாமல், வெறும் காகிதமாயின. ஒவ்வொரு முறையும் பெட்டியில் இருந்த பணம் போயிற்று, பானையில் இருந்த அரிசி அப்படியே இருந்தது. கையில் நாலு காசு மிஞ்சினால் அதை முந்தானையில் முடிந்து வைக்காமல் புளியாகவும் மிளகாயாகவும் உளுந்தாகவும் மாற்றி ஜாடிகளில் அடைத்து வைக்கும் வழக்கத்துக்கு என் அப்பத்தா வந்து சேர்ந்தது அப்படித்தான். அம்மா அவரிடம் கற்றுக்கொண்டார், நான் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன்.

துன்பம் வரும்போது மனம் விருந்துச் சாப்பாட்டைத் தேடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் அதற்கு நேர்மாறானது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது முதல், அந்த ஆண்டு ஜூலையில் ஊரையே உலுக்கிய கொரோனா அலை, கியாட்டின் சரிவு, மின்வெட்டு, கட்டாய ராணுவச் சேவைச் சட்டம், 2025 மார்ச் நிலநடுக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்த ஆண்டுகளில் எனக்குப் பிரியாணி வேண்டும் என்றோ தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு வேண்டும் என்றோ ஒருநாளும் தோன்றியதில்லை. கஞ்சி, ரசம், பழையது, துவையல், சுட்ட அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றைத்தான் தேடினேன், என்னைச் சுற்றி இருந்தவர்களும் அவற்றையே தேடினார்கள். இதைப் பற்றி நெடுநாள் யோசித்திருக்கிறேன். அந்த உணவுகள் எல்லாம் இப்படிப்பட்ட காலங்களுக்காகவே உருவானவை என்று நான் நினைக்கிறேன். மின்சாரம் இல்லாத வீட்டில், எண்ணெய் குறைவான வீட்டில், நாளைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாத வீட்டில் சமைத்த பெண்கள் கண்டுபிடித்த வழிகள் அவை. அதனால்தான் பஞ்சம் வாசலுக்கு வந்து நிற்கும்போது அந்த அடுப்பங்கரை திகைப்பதில்லை.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 கோடையில் ரங்கூனில் எங்கள் பகுதிக்கு நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம், அதுவும் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்துத்தான் மின்சாரம் வந்தது. அந்த நான்கு மணி நேரமும் சில நாட்களில் முழுதாக வராது. தண்ணீர் ஏற்றுவதா, கைப்பேசிக்கு மின்னேற்றுவதா, மாவு அரைப்பதா என்று வீட்டுக்குள் போட்டி நடக்கும்போது மாவு எப்போதும் கடைசியில்தான் நிற்கும். பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த அப்பத்தாவின் ஆட்டுக்கல்லை நிமிர்த்திக் கழுவி, புதிதாகக் கொத்தவைத்து, முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். கல்லில் உளுந்து அரைபடும்போது அதற்கென்று ஓர் ஓசை உண்டு. முதலில் குழவி கரகரக்கும். மாவு பொங்கப் பொங்க அந்தக் கரகரப்பு அடங்கி, குழவி வழுக்கிக்கொண்டு சுற்றத் தொடங்கும். அப்போது ஒரு துளியைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் அது மிதக்கும். மிதந்த பிறகு நிறுத்தலாம். வெளியே என்ன செய்தி வந்துகொண்டிருந்தாலும் அந்த அரைமணி நேரத்தில் கண்ணும் கையும் மாவை விட்டு நகர முடியாது. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த உண்மையான ஓய்வு அதுதான்.

அரைத்த மாவை வைக்கக் குளிர்பெட்டி இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்கும் பழைய வீட்டில் விடை இருந்தது. ஏப்ரல் வெயிலில் ரங்கூனில் மாவு ஓர் இரவு வரைகூடக் காத்திராது. மாலையில் அரைத்தால் நள்ளிரவுக்குள் பானை விளிம்பைத் தொட்டுவிடும். ஆகவே அம்மா மண்பானையில் ஊற்றி, ஈர மணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்து, நனைத்த துணியைச் சுற்றிவிடுவார். அதோடு, மாவின் வயதுக்கு ஏற்ப உணவையும் மாற்றுவார். முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவிய ஊத்தப்பம், அதற்குமேல் போனால் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். சிறுவயதில் இதை வகைவகையாகச் சமைத்துப் போடும் அன்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். அன்பும்தான், ஆனால் ஒரு கரண்டி மாவுகூட வீணாகக் கூடாது என்ற கண்டிப்பும் அதில் சேர்ந்தே இருந்தது.

உளுந்தைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர் இட்லியைப் பற்றிப் பேச முடியாது. மழைக்கால நெல் அறுவடை முடிந்ததும், நவம்பர், டிசம்பர் மாதங்களில், கீழ் பர்மாவின் வயல்களில் ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைப்பார்கள். பெகு, ஐராவதி, ரங்கூன் வட்டாரங்களில் விளையும் அந்த உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் கப்பலேறுகிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா பருப்பு இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது தோங்குவா பக்கத்தில் பயிர்செய்யும் எங்கள் உறவினர்கள் விலை சரிந்து தவித்ததை நேரில் பார்த்தேன். பிறகு 2021-இல் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் வாங்கிக்கொள்ள இந்தியா முன்வந்தது. சென்னையிலும் மதுரையிலும் இதைப் படிப்பவர்கள் இன்று காலை சாப்பிட்ட இட்லியில் எங்கள் மண்ணின் உளுந்து இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உழவருக்கு அது நல்லதுதான். ஆனால் டாலருக்கு விற்கும் பொருளை கியாட்டில் வாங்கிச் சாப்பிடுகிறவர் பாடு வேறு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,330 கியாட் அளவில் இருந்த மதிப்பை 2022 ஆகஸ்டில் அரசே 2,100 என்று நிர்ணயித்தது. வெளிச்சந்தையில் அது இன்னும் மேலே போயிற்று. வயல் வீட்டுக்கு அருகிலேயே இருக்க, உளுந்து எட்டாத உயரத்துக்கு ஏறியது.

அப்போதும் கைகொடுத்தது பழைய கணக்குதான். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது நல்ல காலத்து அளவு. அதைச் சுருக்கவேண்டி வந்தால் ஆறு பங்குக்கு ஒன்று என்று போட்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைக் கூடுதலாக ஊறவைத்து, ஒரு பிடி அவலையோ முந்தைய வேளைச் சோற்றையோ சேர்த்து அரைக்க வேண்டும். வெந்தயத்தின் வழவழப்பு உளுந்தின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். இந்த அளவு எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்படவில்லை. நெருக்கடியான ஏதோ ஓர் ஆண்டில் அப்பத்தா செய்து பார்த்தது அம்மாவின் கைக்கு வந்து, என் கைக்கும் வந்திருக்கிறது. அந்த இட்லி ஆவியில் உப்பி எழுவதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் வயிற்றைச் சேர்ந்தது மட்டும் இல்லை. இதே குறையோடு இதே அடுப்பின் முன்னால் எனக்கு முன்பே ஒருவர் நின்று, வழி கண்டுபிடித்து, பிள்ளைகளுக்குப் பசியாற்றியிருக்கிறார் என்ற தெம்பு அது.

எண்ணெய்க்கும் இதே கதைதான். இறக்குமதியாகும் பாமாயிலை மலிவு விலைக்குத் தரும் வண்டிகளின் முன்னால் ரங்கூன் மக்கள் போத்தல்களோடு நீண்ட வரிசையில் நின்ற நாட்களில், எண்ணெயே கேட்காத எங்கள் வீட்டு உணவுகளை எண்ணிப் பார்த்தேன். இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, கஞ்சி, கூழ், பச்சடி, அம்மியில் அரைத்த துவையல், தணலில் வாட்டிய கருவாடு. பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று.

2021 ஜூலையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் உருளைகளுக்காக ஊரே அலைந்துகொண்டிருந்தது. உணவு வேண்டும் என்றால் வெள்ளைத் துணியும் மருந்து வேண்டும் என்றால் மஞ்சள் துணியும் வாசலில் கட்டும்படி மக்கள் தமக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். சில தெருக்களில் மாடிக்கு மாடி துணி தொங்கிற்று. அந்த மாதத்தில்தான் அம்மா வீட்டிலேயே இறந்துபோனார். எங்களுக்கும் காய்ச்சல். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பங்காளிகளும் அண்டை வீட்டாரும் சமைத்துக் கொண்டுவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைப்பார்கள் என்பது நம் வழக்கம். அந்த வாரம் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. வரவேண்டியவர்களில் பாதிப் பேர் தாங்களே படுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை வாசல் கம்பிக்கதவில் ஒரு தூக்குவாளி மாட்டியிருந்தது. எதிர்வீட்டில் இருக்கும் பர்மியப் பெண்மணி, நாங்கள் டோ டோ என்று அழைப்பவர், தம் வீட்டு மாடியில் நின்று அதை எடுத்துக்கொள்ளும்படி கைகாட்டினார். மேல் அடுக்கில் சுடச்சுட அரிசிக் கஞ்சி. பர்மியர் வீட்டுக் கஞ்சியில் கோழியோ உலர்ந்த இறாலோ இருப்பது இயல்பு; இதில் எதுவும் இல்லை, வதக்கிய பூண்டு மட்டுமே மிதந்தது. இழவு வீட்டில் நாங்கள் கவுச்சி தொடமாட்டோம் என்பதை இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் அறிந்து வைத்திருந்தார். கீழ் அடுக்கைத் திறந்தபோது நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தது. சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் கறுக்கக் காயவைத்தது. ரங்கூனில் அதை அப்படிச் சுருளாக நறுக்குகிறவர் எனக்குத் தெரிந்து அம்மா ஒருவர்தான். கோடையில் போட்ட ஊறுகாயில் ஒரு பங்கை அவர் வழக்கம்போல எதிர்வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்; அது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. நாங்கள் கஞ்சியைக் குடித்தோம். ஊறுகாயை நாக்கில் வைத்தபோது புளிப்பும் கசப்பும் தெரியவில்லை, உப்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காய்ச்சல் மூக்கையும் நாக்கையும் அடைத்திருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் ரசத்துக்குப் பெருங்காயம் பொரியும்போது அதன் வாசனை மெல்ல வந்து எட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அம்மா போன பிறகு வாய்விட்டு அழுதது அன்றுதான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மிளகு ரசமும் இஞ்சிக் கஷாயமும் கொரோனாவைக் குணப்படுத்தும் என்று அப்போது கைப்பேசிக்குக் கைப்பேசி செய்திகள் பறந்தன. அதை நம்பி மருத்துவரிடம் போகத் தாமதித்தவர்களை நான் அறிவேன். மூச்சு வாங்குகிறவருக்கு வேண்டியது ஆக்சிஜன். அதன் இடத்தில் ரசத்தை வைப்பது பாவம். சமையல் மருத்துவத்தின் வேலையைச் செய்யாது. பிழைத்தவர் எழுந்து உட்காரவும், இழந்தவர் அடுத்த வேளையைக் கடக்கவும் அது துணைநிற்கும். அதற்கு மேல் அதன்மேல் சுமையை ஏற்றுவது உணவுக்கும் நியாயம் இல்லை, நோயாளிக்கும் நியாயம் இல்லை.

வீட்டுச் சாப்பாடு என்றால் எந்த வீடு என்ற கேள்வியும் எங்கள் குடும்பங்களில் அவ்வளவு எளிதானது இல்லை. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக அசாமையும் மணிப்பூரையும் நோக்கி நடந்தார்கள், வழியில் மாண்டவர்கள் ஏராளம். அப்பத்தாவின் அக்கா அந்த நடையில் போனவர். வறுத்த அரிசிமாவையும் வெல்லத்தையும் ஒரு துணி மூட்டையில் கட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். 1964-க்குப் பிறகு கப்பலேறியவர்கள் வேறு தலைமுறை. சென்னைக்குப் போய் இறங்கிய அவர்கள் சாம்பாரும் சோறும் சுற்றிலும் நிறைந்திருந்த ஊரில் எதற்கு ஏங்கினார்கள் தெரியுமா? மீன் சாற்றில் நூடுல்ஸ் போட்ட மொகிங்காவுக்கும் கவுஸ்வே என்னும் பர்மிய நூடுல்ஸுக்கும்தான். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் உருவாகி, அதை ஒட்டிய தெருக்களில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கலவையை விற்கும் வண்டிகள் வந்து நின்றது அந்த ஏக்கத்தினால்தான். அந்த வண்டிகளில் வாழைத்தண்டு போட்ட சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு அகதி முகாமின் இரவைக் கழித்ததாக வியாசர்பாடியில் இருந்த என் சித்தப்பா கடிதம் எழுதியிருந்தார். பர்மாவுக்கே திரும்பிவிட நினைத்துத் தரைவழியாக வந்து, எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிப்போன தமிழர்கள் அங்கே கோயிலும் கட்டினார்கள், இட்லிக் கடையும் வைத்தார்கள். பிரிந்த இடம் எதுவோ அந்த இடத்து உணவு ஆறுதலாகிறது. இங்கே தங்கிவிட்ட எங்களுக்குக் கஞ்சியும் துவையலும் எப்படியோ, அங்கே போனவர்களுக்கு மீன் மணக்கும் மொகிங்கா அப்படி. ஒன்றை உண்மையான பாரம்பரியம் என்றும் மற்றதை இரவல் என்றும் பிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இப்போது மறுபடியும் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 முதல் 35 வயது வரையுள்ள ஆண்களும் 18 முதல் 27 வயது வரையுள்ள பெண்களும் அதற்கு உட்பட்டவர்கள். அதன் பிறகு எங்கள் தெருவில் இளையவர் உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக அமைதியாகிவிட்டன. என் அண்ணன் மகள் பாங்காக்கில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் நம் ஊர் மளிகை எல்லாம் கிடைக்கிறது, ஆனால் தங்கும் அறையில் ஒரு மின்சாரச் சோற்றுப்பானையைத் தவிர வேறு அடுப்பு கிடையாது.

"அத்தை, இதை வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சாப்பாடு எதைச் செய்ய முடியும்?" என்று ஓர் இரவு கேட்டாள்.

பழையது செய்யச் சொன்னேன். இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். விடிவதற்குள் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தம் வேலையை முடித்திருக்கும். காலையில் உப்புப் போட்டுப் பிசைந்து, மோர் ஊற்றி, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் மதியம் வரை பசி எடுக்காது. நல்ல விலைக்கு விற்கும் பவ்ஸான் அரிசி இதற்கு ஏற்றது இல்லை, குழைந்துவிடும். சாதாரண நீள அரிசியே பொருத்தம். இப்போது அவள் அறையில் இருக்கும் மூன்று பெண்களும், அவர்களில் ஒருத்தி ஷான் மாநிலத்துப் பெண், காலையில் இதைத்தான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்களாம்.

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலம் அதிர்ந்தபோது மாந்தளையில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டின் முன்சுவர் சரிந்தது. உயிருக்குச் சேதமில்லை. பின்னதிர்வுக்குப் பயந்து தெருவே சாலையில் பாய் விரித்துப் படுத்தது. பகலில் நாற்பது பாகையை ஒட்டிய வெயில். இரண்டாம் நாள் அவன் மனைவி இடிந்த சுவரிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டி, உடையாமல் தப்பிய அலுமினியக் குண்டானில் நொய்க்கஞ்சி காய்ச்சி, பக்கத்தில் படுத்திருந்த பர்மியர், சீனர், தமிழர் எல்லோருக்கும் தம்ளர் தம்ளராக ஊற்றியிருக்கிறாள். அரிசியும் பூண்டும் அக்கம்பக்கத்தார் கொடுத்தது.

அவள் செய்த முறையைக் கேட்டு வைத்துக்கொண்டேன், தேவைப்படுகிறவர்களுக்காக இங்கே தருகிறேன். ஒரு தம்ளர் நொய்யை வெறும் குண்டானில் வாசனை வரும் வரை வறுத்து, எட்டுத் தம்ளர் தண்ணீர் ஊற்றி, பத்துப் பல் பூண்டும் அரைத் தேக்கரண்டி வெந்தயமும் ஒரு தேக்கரண்டி சீரகமும் போட்டுக் கொதிக்க விட வேண்டும். பாசிப்பருப்பு இருந்தால் ஒரு பிடி சேர்க்கலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை. நொய் மலர்ந்து பூண்டு மசிந்ததும் இறக்கி, இறக்கிய பிறகே உப்புப் போட வேண்டும். தேங்காய் கிடைத்தால் பால் எடுத்து ஊற்றலாம். தொட்டுக்கொள்ள, காய்ந்த மிளகாயைத் தணலில் சுட்டு, புளியும் உப்பும் வைத்து நசுக்கிக்கொண்டால் போதும். எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும். இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டால் வெந்நீர் ஊற்றிக்கொள்ளலாம்.